சேற்றுக்குள் ஒரு கல்யாணத் தரகர்

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், திருக்கழுக்குன்றம் தாண்டியதும் எங்கள் கார் 'பங்க்சர்' ஆகிவிட்டது. சும்மா இருப்பாளா என் அக்கா பெண்? பக்கத்து வயல் சேற்றைக் குச்சியால் கிளறினாள். புளுக் புளுக்கென்று குமிழிகள் கிளம்பின.

"மாமா, உள்ளே தவளை மூச்சு விடுகிறதா?"

"தவளை இல்லை, கண்ணு. அது மீதேன் வாயு."

"ஏண்டா, அடுப்புக்கு ஆகுமா?" என்றாள் அக்கா. குடும்பம் நடத்துகிறவள் அல்லவா!

ஆகும். சாண எரிவாயுவில் பெரும்பகுதி இதுதான். ஆனால் எரிப்பது சுலபம்; எரிக்காமல் வேறு பொருளாக மாற்றுவதுதான் கஷ்டம். மீதேனில் ஒரு கரி அணுவை நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் இறுகப் பற்றியிருக்கின்றன. நெருப்பு வைத்தால் நான்கும் பிரிந்து, மிஞ்சுவது கரியமில வாயுவும் நீராவியுமே. ஒன்றை மட்டும் விலக்கி, நடுவே பிராணவாயுவைச் சேர்த்தால் மெதனால் என்ற பயனுள்ள திரவம் கிடைக்கும். தொடுத்த சரத்தில், மற்றவை உதிராமல் நடுப்பூ ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள், சிரமம் புரியும்!

இதற்கு ஒரு தரகர் வேண்டும். சில உலோகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு கையால் கரியையும் மறு கையால் ஹைட்ரஜனையும் பிடித்து விலக்கி, புதுச் சம்பந்தத்தை முடித்துவிட்டு, தாம் மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுகின்றன. 1969-ல் சோவியத் ரஷ்யாவின் ஷிலோவ், பிளாட்டினம் உப்புக் கரைசலில் மீதேனின் ஹைட்ரஜனைப் பெயர்த்துக் காட்டினார். 1982-ல் அமெரிக்காவில் பெர்க்மனும் கனடாவில் கிரஹாமும், இரிடியத்தைக் கொண்டு இத்தகைய பிணைப்புகளைத் திறந்தார்கள். இரண்டும் விலையுயர்ந்த உலோகங்கள்.

வயல் சேற்றிலோ, நெல் வேரோரம் காற்றுப் படும் இடத்தில் வாழும் கிருமிகள், சில செம்பைக் கொண்டும் சில இரும்பைக் கொண்டும், சாதாரண வெப்பத்திலேயே மீதேனை மெதனாலாக்கி ஜீரணித்துவிடுகின்றன!

இதில் நமக்கு என்ன? தப்பிப்போகும் மீதேன், நூறாண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. பூமி சூடேறினால் கடல் மட்டம் உயரும். அன்று மாலை கடற்கரைக் கோயிலருகே அலைகளைப் பார்த்தபோது, எனக்கு அந்தக் குமிழிகள்தாம் நினைவுக்கு வந்தன.

கிருமிகளின் வித்தையை மலிவாகச் செய்ய ரசாயன நிபுணர்கள் இன்னும் முயல்கிறார்கள். அதுவரை விவசாயியின் கையில் ஒரு வழி உண்டு: காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது. இடையிடையே வயல் காய்ந்தால் சேற்றில் காற்றுப் புகும், மீதேன் உண்டாவது குறையும், தண்ணீரும் மிச்சம்.

வீடு திரும்பியதும் அக்கா பரணிலிருந்த செப்புக் குடத்தை இறக்கிப் புளி போட்டுத் துலக்க ஆரம்பித்தாள்.

"வெறும் செம்பு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!"