யாரைக் கேட்டுச் சிரிக்கிறோம்?

நகை பிறக்கும் களன்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் எள்ளலை முதலில் வைத்தார். பிறரை எள்ளிச் சிரிப்பது மனித இயல்பு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் ஒளிந்திருந்து படமெடுத்து, அதை உலகறியக் காட்டிச் சிரிப்பதற்கு அவர் இலக்கணம் எழுதவில்லை. அந்த வேலை நம் தலைமுறைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஆலன் ஃபன்ட் என்பவர் 1947-இல் மறைத்து வைத்த ஒலிவாங்கியோடு வானொலியில் இந்த வேடிக்கையைத் தொடங்கினார். மறு ஆண்டே தொலைக்காட்சிக்குக் கொண்டு போனார். 'கேண்டிட் கேமரா' என்ற பெயரில் அது உலகப் புகழ் பெற்றது. இந்தியாவில் எம்.டி.வி., சைரஸ் புரோச்சாவைக் கொண்டு 'பக்ரா' நடத்தியது. இந்தியில் பக்ரா என்றால் ஆடு. ஏமாறுகிறவனுக்கு வைத்த பெயர் அது!

நம் பக்கத்தில் ஆட்டை வெட்டுமுன் என்ன செய்கிறோம்? மஞ்சள் நீர் தெளித்துவிட்டுக் காத்திருக்கிறோம். அது தலையைக் குலுக்கிச் சம்மதம் சொன்ன பிறகுதான் அரிவாள் ஓங்கப்படும். குலுக்காவிட்டால் மறுபடியும் நீர் தெளிப்பார்கள். சடங்குதான், ஆட்டுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை. என்றாலும், கேட்க வேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோர்க்கு இருந்தது.

என் பெரியப்பாவை யாரும் கேட்கவில்லை. கத்தரிக்காய் மூட்டையோடு மாட்டுத்தாவணியில் நின்றவரை இரண்டு இளைஞர்கள் மடக்கி, "திருட்டுச் சரக்கா? ஸ்டேஷனுக்கு நட" என்று மிரட்டியிருக்கிறார்கள். அவர் கைகூப்பினார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கெஞ்சினார். பிறகு, "ஐயா, அதோ கேமரா" என்றார்கள். அவரும் சிரித்தார்.

விடுதி அறையில் நண்பன் ஒருவனின் செல்போனில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். முகத்தை அடையாளம் கண்டது பிறகுதான்.

"அவரே சிரித்துவிட்டாரே, உனக்கென்ன?" என்கிறார்கள் நண்பர்கள். பத்துப் பேர் சூழ நின்று சிரிக்கும்போது, அறுபது வயது மனிதர் வேறென்ன செய்வார்? அழுதால் அதையும் படமெடுப்பார்கள். அச்சம் நீங்கியதால் வந்த சிரிப்பை ஒப்புதல் கையெழுத்தாகக் கொள்வது எந்த ஊர் நியாயம்?

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. நம் உலகநேரியில் இருக்கும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 2019 ஏப்ரல் 3-ஆம் நாள் டிக்டாக் வழக்கில் இடைக்கால ஆணை பிறப்பித்தபோது, ஒருவரை அதிர வைத்துக் கேலிப்பொருளாக்குவது அந்தரங்கத்தை மீறுவதாகும் என்றும் சொன்னது. அந்த மாதம் 24-ஆம் நாளே டிக்டாக் மீதான தடை விலகியது. பேச்செல்லாம் செயலியைப் பற்றியதாகவே இருந்தது, கேலிப்பொருளான மனிதனைப் பற்றிய வரி மறந்துபோயிற்று. மாட்டுத்தாவணிக்கும் அந்த நீதிமன்றத்துக்கும் அதிகத் தொலைவில்லை.

வேடிக்கையே கூடாது என்று நான் சொல்லவில்லை. எடுத்த படத்தை அவரிடமே போட்டுக் காட்டுங்கள். வீட்டுக்குப் போய் ஒரு நாள் யோசிக்க விடுங்கள். வேண்டாமென்றால் அழித்துவிடுங்கள். நம் கல்லூரியிலும் கேமராவோடு திரியும் நண்பர்கள் உண்டு, அவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா டீக்கடைப் பக்கம் போவதில்லையாம். சின்னப் பையன்கள் "ஸ்டேஷனுக்கு நட" என்கிறார்களாம். என்னைத் தனியே அழைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஏப்பா, காலேஜ் படிக்கிறியே, அதை அழிக்க முடியுமா?"