வீட்டு விஞ்ஞானம்: சிரட்டைக் கரியும் குடிநீரும்



தண்ணீர் வடிகட்டி விற்பவர் உங்கள் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கலாம். "உள்ளே கரி இருக்கிறது, எல்லா அழுக்கையும் எடுத்துவிடும், மாதாமாதம் தவணை கட்டினால் போதும்" என்றும் சொல்லியிருக்கலாம். பாடுபட்டுச் சேர்த்த வெள்ளியைக் கொடுக்கும் முன், அந்தக் கரி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொள்வது நல்லதல்லவா?

அடுப்புக் கரியும் இதுவும் ஒன்றல்ல. தேங்காய்ச் சிரட்டையையோ செம்பனைக் கொட்டையின் ஓட்டையோ காற்று அதிகம் புகாமல் சுட்டால் கரி கிடைக்கும். அந்தக் கரியின்மீது ஏறத்தாழ 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீராவியைச் செலுத்தினால், அதனுள் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்துளைகள் உண்டாகின்றன. இதற்குக் 'கிளர்வூட்டிய கரி' என்று பெயர். அத்துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்ப முடிந்தால், ஒரே ஒரு கிராம் கரி சுமார் 1,000 சதுர மீட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதாவது கால் ஏக்கர்! நிரை பிடித்து மரம் வெட்டும் உங்களுக்குக் கால் ஏக்கர் எவ்வளவு என்று சொல்லவும் வேண்டுமா?

நீரில் கரைந்துள்ள பொருள்கள் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்கின்றன. மக்கிய இலைதழைகளால் வரும் தேநீர் நிறம், சேற்று வாடை, பூச்சிமருந்துகளில் பல ஆகிய கரிமப் பொருள்களைக் கரி நன்றாகவே இழுத்துக்கொள்ளும். குழாய் நீரின் குளோரின் வாடையையும் போக்கும். கரி நிறத்தை எடுக்கும் என்பதை 1785ஆம் ஆண்டிலேயே ரஷ்யாவில் லோவிட்ஸ் என்ற இரசாயன அறிஞர் கண்டறிந்தார்.

உலோகங்களின் கதை வேறு. ஈயம், செம்பு போன்றவை நீரில் மின்னேற்றம் பெற்ற அயனிகளாகக் கரைந்திருக்கின்றன. சாதாரணக் கரி இவற்றை ஓரளவே பிடிக்கும். நைட்ரிக் அமிலம் போன்றவற்றால் பதப்படுத்திய கரிக்கு இந்தப் பிடிப்பு அதிகம். ஆனால் நீரில் அமிலத்தன்மை கூடினால் அந்தப் பிடியும் தளர்ந்துவிடும். ஆகவே 'ஈயத்தை நீக்கும்' என்று சோதித்துச் சான்று பெற்ற வடிகட்டியை மட்டுமே அதற்கு நம்பலாம்.

வாளியில் பிடித்துவைத்த கிணற்று நீர் சற்று நேரத்தில் செம்மஞ்சளாக மாறுகிறதா? அது பெரும்பாலும் இரும்பு. அதை நேராகக் கரியில் ஊற்றினால் துளைகள் அடைபட்டுக் கரி வீணாகும். முதலில் காற்றுப்படும்படி ஆற்றி ஊற்றி, படியவிட்டு, மணலில் வடிகட்டுங்கள். கரி அதற்குப் பின்னரே வரவேண்டும்.

தாய்மார்களே, இதை மட்டும் மறவாதீர்கள்: கரி கிருமியைக் கொல்லாது. குளோரினையும் எடுத்துவிடுவதால், கரியின்மேலேயே கிருமிகள் பெருகக்கூடும். கிணற்று நீரையோ ஆற்று நீரையோ குழந்தைகளுக்குக் கொடுப்பதாயின், வடித்த பின்னும் கொதிக்க வைத்து ஆற்றியே கொடுங்கள். ஆனால் கொதிக்க வைத்தால் ஈயம் போகாது; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டும் கரியிலோ கொதியிலோ போகாது.

துளைகள் நிரம்பிவிட்டால் கரி வேலை செய்யாது. பார்வைக்கு அது தெரியவும் தெரியாது. ஆகவே விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தெந்தப் பொருளை நீக்கும் என்பதற்கு எழுத்தில் சான்று உண்டா? எத்தனை லிட்டருக்கு ஒருமுறை கரியை மாற்ற வேண்டும்? மாற்றுக் கரியின் விலை என்ன? பதில் சொல்லத் தயங்கினால் பணப்பையை மூடிவிடுங்கள்.

களைக்கொல்லி கலக்கும் இடத்துக்கு அருகில் உங்கள் கிணறு இருக்குமானால், எந்த வடிகட்டியையும் நம்பி அந்த நீரைக் குடிக்காதீர்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகி, நீரைச் சோதிக்க வழி கேளுங்கள். நீரில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்தால்தான், எதைக் கொண்டு நீக்குவது என்று முடிவு செய்ய முடியும்.