வழித்துணையும் ஒரு வாய்த் தண்ணீரும்

நம்முடன் பணிபுரியும் பூகோள ஆசிரியர் தம் மனைவியாருடன் ஐரோப்பாவுக்குப் போய்த் திரும்பியிருக்கிறார். பதினைந்து நாட்களில் பன்னிரண்டு நாள் மழையாம். குடை பறந்ததையும், ரயில் தவறியதையும், நனைந்த காலுறையுடன் மாதா கோயில்களைச் சுற்றிப் பார்த்ததையும் அவர் ஒரு வாரமாகச் சொல்லி வருகிறார். கடைசியில் அங்கே வாங்கிய ஒரு ஜோடி பாதரட்சையை எடுத்துக் காட்டினார். உட்புறத்தில் "இந்தியாவில் செய்யப்பட்டது" என்று அச்சிட்டிருந்தது! அதைக் கேட்ட நம் இல்லாள், "இவை புறப்பட்ட ஊருக்கே நாம் போய் வரலாமே, செலவும் குறைவு, மழையும் குறைவில்லை" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆம்பூருக்கு இப்பால் பாலாற்றங்கரையில் அவள் தகப்பனார் விட்டுச் சென்ற நிலம் இருக்கிறது. அதை விற்றுவிடலாம் என்று அவள் தம்பி பத்திரத்தின் நகலை அனுப்பியிருந்தான். கையெழுத்திடுவதற்கு முன் ஒருமுறை கிணற்றைப் பார்க்க வேண்டும் என்பது அவள் விருப்பம். ஆகவே ஐப்பசி அடைமழையில், இரண்டு குடைகளும் ஒரு பையுமாகக் காட்பாடியில் வந்து இறங்கினோம்.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பரிகாசம் உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சுவாமி இல்லாத கோயில், மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு. பரிகாசத்தில் ஒரு பகுதி இன்று செல்லாது. பல தலைமுறைகளாக மூர்த்தியின்றி இருந்த ஜலகண்டேசுவரர் ஆலயத்தில் 1981ஆம் ஆண்டு லிங்கப் பிரதிஷ்டை நடந்து, அன்று முதல் பூஜை தவறாமல் நடந்து வருகிறது. நாம் போன அன்று அகழி நிரம்பி, கருங்கல் மதிலின் பிம்பம் மழைத் துளிகளில் சிதறிக் கொண்டிருந்தது. கலியாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் பார்த்து நிற்கையில், ஒரு காற்று வந்து நம் குடையை உட்புறம் வெளிப்புறமாக மாற்றிவிட்டுப் போயிற்று. ஐரோப்பியக் காற்றுக்கு மட்டுமே அந்த வித்தை தெரியும் என்று பூகோள ஆசிரியர் நினைத்திருந்தால் அது தவறு.

இக்கோட்டையில்தான் 1806 ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக் குறிகளை அழிக்க வேண்டும், தாடியை மழிக்க வேண்டும், தோலால் ஆன சின்னம் பொருத்திய புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள் அவர்கள் உள்ளத்தைப் புண்படுத்தின. கோட்டையில் காவலில் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குமாரர்களுடைய கொடி சில மணி நேரம் பறந்தது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் வந்து அதை இறக்கினான். 1857க்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிகழ்ந்த எழுச்சி இது. அதில் ஒரு துண்டுத் தோலுக்கும் பங்கிருந்ததை, தோல் சீமைக்குச் செல்லும் வழியில் நிற்கும் நாம் எப்படி மறப்போம்?

மறுநாள் விரிஞ்சிபுரம். அங்குள்ள ஈசுவரருக்கு மார்க்கபந்து என்று திருநாமம். வழித்துணைநாதர் என்று தமிழில் சொன்னால் இன்னும் இனிக்கிறது. உயர்ந்த மதிலையும் சிங்கமுகத் தீர்த்தத்தையும் கண்டபின், கல்லில் செதுக்கிய கடிகாரத்தைத் தேடிப் போனோம். பிறை வடிவான அந்தக் கல்லில் காலை மணிகளுக்கும் மாலை மணிகளுக்கும் எண்கள் பொறித்திருக்கின்றன. மேலேயுள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால், நிழல் விழும் எண்ணே மணி. நாமும் குச்சியை வைத்தோம். மழையில் நிழல் ஏது? "நம் வீட்டுக் கடிகாரமும் இப்படித்தான், வேண்டியபோது ஓடாது" என்றாள் இல்லாள்.

வெளியே வந்தால் அடுத்த சோதனை. வாயிலில் விட்டுச் சென்ற நம் பாதரட்சைகள் தண்ணீரில் ஊறிக் கிடந்தன. நான்கடி நடப்பதற்குள் வலது காலின் அடிப்பாகம் வாயைத் திறந்து சிரித்தது. வழித்துணைநாதர் சந்நிதியில் வழித்துணை நம்மைக் கைவிட்டது! ஒரு கயிற்றால் அதைக் கட்டிக்கொண்டு ஆம்பூர்ப் பேருந்தில் ஏறினோம். வண்டி நிறையப் பெண்கள். அந்தப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளில் தைக்கவும் ஒட்டவும் போகிறவர்கள். நம் காலைப் பார்த்து அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தொழில் தெரிந்தவர்களின் சிரிப்பு அது. நாம் கோபித்துக் கொள்ளவில்லை.

ஆம்பூர்க் கடைத்தெரு ஓரத்தில், ஒரு சாக்கின் கீழ் அமர்ந்திருந்த முதிய தொழிலாளியிடம் பாதரட்சையைக் கொடுத்தோம். அவர் அதை மோந்து பார்த்தார், மடக்கிப் பார்த்தார்.

"ஐயா, இது தோலே இல்லீங்க, அட்டை" என்றார்.

"தோல் விளையும் ஊரிலேயே இப்படியா அகப்பட்டுக் கொள்வது?" என்றோம்.

"நல்ல தோலெல்லாம் கப்பலேறிடுதுங்க. மிச்சம்தான் நமக்கு" என்று சொல்லி, ஊசியில் நூலைக் கோத்தார்.

தையல் முடிவதற்குள் பசி முந்திக்கொண்டது. ஆம்பூர் பிரியாணியின் மகிமையை ஆம்பூரில் உண்டுதான் அறிய வேண்டும். நீண்ட அரிசி அன்று. சிறு மணியான சீரகச் சம்பா. ஊறவைத்து அரைத்த மிளகாய் வற்றல்தான் அதற்கு நிறமும் காரமும். தயிரில் மெல்ல வெந்த ஆட்டிறைச்சியோடு, பாதி வெந்த அரிசி சேர்ந்து, மூடிய பாத்திரத்தின் மேலும் கீழும் தணலில் பக்குவமாகிறது. ஆர்க்காட்டு நவாபுகளின் சமையற்காரர்கள் வழி வந்த கைத்திறன் என்பார்கள். பக்கத்தில் புளியும் எள்ளும் சேர்ந்த கத்திரிக்காய். அதன் துணையின்றி அந்தச் சாதம் முழுமையாகாது. வேலூர் முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் வியப்பில்லை. நாம் இரண்டாம் முறை கேட்டு வாங்கினோம். இல்லாள் அதைக் கண்டும் காணாதவள் போலிருந்தாள்.

மழை சற்று ஓய்ந்தபின் கிணற்றுக்குப் போனோம். பாலாற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது! நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் நடந்து வயலூரில் கடலைச் சேரும் இந்நதிக்கு, ஆண்டில் பெரும்பாலான நாள் மணலே உடைமை. கிணறும் முக்கால் நிறைந்திருந்தது. இல்லாள் ஒரு செம்பு முகந்து குடித்து, "இனிக்கிறதே!" என்றாள். அவள் குரலில் பத்து வயதுச் சிறுமி இருந்தாள்.

அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி, நம் மாமனார் காலத்தில் அந்த நிலத்தில் நாற்று நட்டவள், தலையை அசைத்தாள். "அது மேல்தண்ணி கண்ணு, வானத்துத் தண்ணி. அடித்தண்ணிய எடுத்துப் பாரு" என்றாள். கல் கட்டிய வாளியை ஆழத்தில் இறக்கி எடுத்தோம். ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை, அவ்வளவு உப்பு.

இதன் காரணம் இரகசியமன்று. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பில் பதப்படுத்துகிறார்கள். பதனிடுமுன் அதை ஊறவைத்துக் கழுவும்போது அவ்வளவு உப்பும் நீரில் கரைந்து வெளியேறுகிறது. குரோமியத்தைப் பிரித்து வீழ்த்தலாம். கரைந்த உப்பு வண்டலாகப் படியாது, அதை நீக்கப் பெருஞ்செலவு பிடிக்கும். 1991இல் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதாக அத்தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசு செய்தவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நியாயத்தையும் அது நிலைநாட்டியது. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று அதே நதிக்காக அதே நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது. பேருந்தில் சிரித்த பெண்களின் அடுப்பு எரிவது இத்தொழிலால்தான். ஆகையால் தொழிலைச் சபிக்க நமக்கு மனம் வரவில்லை. எனினும் பாதரட்சை சீமைக்குப் போய், உப்பு மட்டும் இங்கே தங்கிவிடும் வியாபாரத்தில் கணக்கு எங்கோ தவறியிருக்கிறது.

கிழவி மேலும் சொன்னாள்: "2021 வெள்ளத்துக்கப்புறம் ரெண்டு வருஷம் அடித்தண்ணியும் நல்லாத்தான் இருந்தது. ஆத்துல தண்ணி வந்தா கழுவிக்கிட்டுப் போவுது. கெட்டது போக வழி வேணும், புதுசா சேராம இருக்கணும், அவ்வளவுதான்."

நீதிமன்றம் பல பக்கங்களில் சொன்னதைக் கிழவி ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள்.

திரும்பும் ரயிலில் மறுபடியும் மழை. தைத்த பாதரட்சை கெட்டியாக இருந்தது; குடைதான் போயிற்று. இல்லாள் பத்திர நகலை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"தம்பிக்குப் பெண்ணின் படிப்புச் செலவு இருக்கிறது. அவன் பங்கை அவன் விற்கட்டும், நான் தடுக்கமாட்டேன். கிணறு மட்டும் என் பங்கில் இருக்கட்டும்" என்றாள்.

"உப்புக் கிணற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வாய்?" என்றோம்.

"வருஷா வருஷம் மழைக்கு வந்து ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன்" என்றாள்.

ஆகவே அடுத்த ஐப்பசியிலும் நமக்கு ஆம்பூர் யாத்திரை உண்டு. பிரியாணியை உத்தேசித்து நாம் அதை ஆட்சேபிக்கவில்லை.