பின்சக்கரம் ‘டொக்’ என்றால்...

சைக்கிளின் பின்சக்கரத்தில் ‘டொக், டொக்’ என்று சத்தம் கேட்டால் நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். நாலு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு ஏறிப் போய்விடுகிறார்கள். அல்லது ஸ்பானரை எடுத்துக் கண்ணில் பட்ட நட்டுகளையெல்லாம் முடுக்கிவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். முதலில் சத்தத்தை எண்ணிப் பாருங்கள்.

பின் டயரில் ஓரிடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுங்கள். சமமான சாலையில் மகனை மெதுவாக ஓட்டச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நடந்து வாருங்கள். பழைய 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏழு அடிக்குச் சற்று அதிகமாக ஓடும். பெடல் ஒரு சுற்று வருவதற்குள் அது ஏறக்குறைய இரண்டரைச் சுற்று வந்துவிடும். கோடு ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் சத்தம் வந்தால் கோளாறு சக்கரத்தில் இருக்கிறது. பெடல் சுற்றோடு சேர்ந்து வந்தால் முன்னால், கிராங்குப் பக்கம் தேட வேண்டும். பெடல் இரண்டு மூன்று சுற்று வந்த பிறகு ஒரு முறை கேட்டால், செயினில் ஏதோ ஒரு கண்ணி இறுகிப் போயிருக்கிறது.

இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், காது ஏமாற்றும். கிராங்கில் எழும் சத்தம் பிரேம் குழாய் வழியாக ஏறி, சீட்டுக்கு அடியில் கேட்கும். பின்சக்கரம்தான் என்று சத்தியம் செய்யத் தோன்றும். கட்டர் பின் தளர்ந்த வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டுப் பணத்தை விட்டவர்கள் உண்டு. இரண்டு பெடலையும் சமமட்டத்தில் நிறுத்தி, இரண்டின் மீதும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். பிறகு முன்னும் பின்னுமாக மாற்றி வைத்து மறுபடி அழுத்துங்கள். ஒரு கிராங்கு லேசாக அசைந்தால் அந்தப் பின்தான் குற்றவாளி. சில்லறைச் செலவோடு போய்விடும்.

கோளாறு சக்கரத்தில்தான் என்று தெரிந்த பிறகு, சக்கரத்தைத் தூக்கிக் கையால் மெல்லச் சுற்றுங்கள். டயர் எங்காவது கொப்புளம் போல் வீங்கியிருக்கிறதா? நூல் அறுந்த டயர் அது, பாரத்தோடு வெடிக்கும். உடனே மாற்றுங்கள். அடுத்து, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் சுண்டுங்கள். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். அறுந்ததைப் பக்கத்துக் கம்பியோடு கட்டிவிட்டுக் கடைவரை மெதுவாகப் போகலாம், அதற்குமேல் வேண்டாம்.

பிறகு ரிம்மைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். ஆடினால் கோன் தளர்ந்திருக்கலாம். பூட்டு நட்டைத் தளர்த்தி, கோனை விரலால் முடுக்கி, கால் சுற்று பின்வாங்கி, மறுபடி பூட்டுங்கள். சரியாக அமைந்த சக்கரம் விட்டவுடன் டியூப் வால்வின் எடையால் தானாகத் திரும்பி, வால்வு அடியில் வந்து நிற்கும். முரடாகச் சுற்றினால் கழற்றிப் பால்ஸைப் பாருங்கள். பழைய வண்டிகளின் பின் ஹப்பில் பக்கத்துக்கு ஒன்பது கால் அங்குலப் பால்ஸ் இருக்கும். ஒன்று உடைந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

கோனைச் சரிசெய்த பின்னும் ஆட்டம் போகவில்லையா? பெடலை ஊன்றி மிதிக்கும் போதெல்லாம் ‘டொக்’ என்கிறதா? சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து பிரேமை உரசுகிறதா? அச்சு ஒடிந்திருக்கக்கூடும். பிரீவீலுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கத்துப் பால்ஸ் உள்ளே தள்ளியிருக்கும். அதற்கும் பிரேமுக்கும் நடுவே அச்சு தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். ஒரு செண்டிமீட்டர் கனம்கூட இல்லாத தண்டு அது. ஒடிவது பெரும்பாலும் அங்கேதான். இரு முனைகளையும் நட்டுகள் பிரேமோடு பிடித்துக் கொண்டிருப்பதால், ஒடிந்தது தெரியாமலே சில நாள் ஓட்டலாம். ஆபத்தும் அதுதான். 20 லிட்டர் பால் வாளி இரண்டு என்றாலே 40 கிலோ. சுங்கை சிப்புட், பீடோர் பக்கத்துத் தோட்டங்களில் அந்தப் பாரத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு செம்மண் சரிவில் இறங்கியவர்களுக்கு இது விளையாட்டுப் பேச்சல்ல. இன்று பல தோட்டங்கள் செம்பனையாகி, குடும்பங்கள் ஈப்போ பக்கம் குடிவந்துவிட்டாலும், பழைய சைக்கிளில் அரிசி மூட்டையையும் பேரப்பிள்ளையையும் ஏற்றிச் செல்லும் தாத்தாக்கள் இருக்கிறார்கள். இந்த அடையாளம் கண்டால் ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு போங்கள்.

சக்கரச் சத்தத்துக்குப் பேராக்கில் ஒரு சரித்திரமும் உண்டு. 1941 டிசம்பரில் ஜப்பானியர் சைக்கிளில்தான் இவ்வழியே தெற்கே இறங்கினார்கள். வெயிலில் டியூப் வெடிக்க, வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். இரவில் அந்தக் கடகடப்பைக் கேட்டு டாங்கிகள் வருவதாக எதிர்ப்பக்கத்தார் மிரண்டதாகப் போர்க் குறிப்பு சொல்கிறது. நாம் அப்படி ஓட்டினால் மிஞ்சுவது நெளிந்த ரிம் மட்டுமே.

பெடலை நிறுத்தி உருட்டும்போது பிரீவீலில் வரும் ‘டிக் டிக்’ இயற்கையானது. அதற்குப் பயப்பட வேண்டாம். மிதிக்கும்போது வழுக்கி ‘டக்’கென்று பிடித்தால்தான் உள்ளே இருக்கும் சிறு நாக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன அல்லது தேய்ந்துவிட்டன. மண்ணெண்ணெயில் கழுவி, மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிரீஸ் வேண்டாம், நாக்குகள் அதிலேயே ஒட்டிவிடும். கழுவியும் வழுக்கினால் புதிது மாற்றுங்கள். ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது வழுக்கினால் முழங்கால்தான் அடிபடும்.