மாடியில் மலரும் பிரம்ம கமலம்

ஆடி, ஆவணி மாதங்களில் ஏதேனும் ஓர் இரவு, தெருவில் ஒரு வீட்டின் வாசல் மட்டும் நள்ளிரவு வரை திறந்திருக்கும். பிரம்ம கமலம் மலரப்போகிறது என்ற செய்தி மாலையிலேயே பரவிவிடும். அண்டை வீட்டார் குழந்தைகளுடன் வந்து நிற்பர்; ஊதுவத்தியும் கற்பூரமும் ஏற்றப்படும்.

அப்படியொரு வீட்டில் பதினோர் ஆண்டுகளாகத் தொட்டிச் செடியைப் போற்றி வளர்த்துவந்த மூதாட்டியின் மனம் சென்ற புரட்டாசியில் கலங்கிப்போயிற்று. கேதார்நாத் யாத்திரை சென்று திரும்பிய அவருடைய தம்பி, பிரசாதத்துடன் உலர்ந்த மலரொன்றைக் கொண்டுவந்தார். காகிதம்போல் மெல்லிய வெளிர்மஞ்சள் உறைகள். நடுவே கருஊதா நிறத்தில் சிறு பூக்கொத்து. "அக்கா, இதுதான் பிரம்ம கமலமாம். உன் மாடியில் இருப்பது வேறு ஏதோ" என்றார். "அப்படியானால் இத்தனை வருஷம் நான் செய்த பூஜை?" என்ற கேள்விக்கு அவரிடம் விடையில்லை.

தம்பி சொன்னது உண்மையே. உத்தராகண்டின் மாநில மலரான அந்தப் பிரம்ம கமலம், இமயத்தில் ஏறத்தாழ 12,000 அடிக்கு மேற்பட்ட சரிவுகளில் மழைக்காலத்தில் பூப்பது. தாமரையைவிடச் செவ்வந்திக்கே நெருங்கிய உறவு. நம் மாடியின் வெப்பத்தில் அது வளராது.

இங்கே மலர்வது மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்த ஒரு கள்ளி. தாவரவியலார் எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம் என்பர், கேரளத்தார்க்கு நிசாகந்தி. தாயகத்தில் மரக்கிளைகளைப் பற்றி வாழும். இலைபோல் தட்டையாகத் தோன்றுவது உண்மையில் நீர் சேமிக்கும் தண்டு. அதன் ஓரத்துப் பள்ளத்திலிருந்தே மொட்டு புறப்படும். டிராகன் பழச் செடியும் இரவில் வெண்மலர் பூப்பதால் சிலர் மயங்குவதுண்டு. அதன் தண்டு முப்பட்டையாக, முள்ளுடன் இருக்கும். நிசாகந்தியைத் தடவிப் பார்த்தால் முள் தட்டுப்படாது.

பெயர்தான் பிழையே தவிர, பூஜையில் பிழை ஏது? சிவாலயங்களில் நாம் வணங்கி நிற்கும் நாகலிங்க மரமும் தென்னமெரிக்காவிலிருந்து வந்ததே. அதன் பூவை ஈசனுக்குச் சாத்த எவரும் தயங்கியதில்லை. தவிர, இமயத்து மலர் வழிபாட்டுக்கும் மருந்துக்கும் அளவின்றிப் பறிக்கப்பட்டு அருகிவருகிறது. யாத்திரை செல்வோர் அதை விலைகொடுத்து வாங்காமல் கண்ணால் கண்டு கும்பிட்டுத் திரும்புவதே அம்மலைக்குச் செய்யும் உபகாரம்.

நிசாகந்தியை வளர்ப்பது முதியோர்க்கும் எளிது. ஒரு சாண் நீளத் தண்டை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை நாலைந்து நாள் நிழலில் வைத்து, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்றினால் போதும். செம்மண்ணோடு மணலும் தென்னை நார்க்கழிவும் மட்கிய தொழு உரமும் கலந்த, நீர் தேங்காத மண் வேண்டும். மேல்மண் காய்ந்த பிறகே நீர் ஊற்றவேண்டும்; பாசமிகுதியால் நாள்தோறும் ஊற்றி வேரை அழுகவிட்டவர்களே அதிகம். காலை வெயில் நன்று. உச்சி வெயிலில் தண்டு மஞ்சளிக்கும். பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். மொட்டு வந்தபின் தொட்டியை இடம் மாற்றினால் அது உதிர்ந்துவிடக்கூடும்.

மலரும் நாளை முன்கூட்டியே அறியலாம். தொங்கிய மொட்டு கொக்கிபோல் வளைந்து நிமிர்ந்து, பருத்து, பிற்பகலில் நுனி சற்றே நெகிழும். இருட்டியபின் இதழ் விரியத் தொடங்கி, நள்ளிரவில் முழுமலராகும். அந்துப்பூச்சிகளை அழைப்பதற்கான மணம் வீடெங்கும் நிறையும். விடியுமுன் துவண்டுவிடும்.

இவ்வாண்டு ஆவணியில் அந்த மூதாட்டியின் செடியில் நான்கு மொட்டுகள். ஒரு மொட்டின் நுனி நெகிழ்ந்த பிற்பகலிலேயே தம்பிக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "நிசாகந்தி இன்று ராத்திரி மலரும். எட்டு மணிக்குள் வந்துவிடு."