சதுர அடிக்கு ஆழம் கிடையாது

வீடு கட்டப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நம் ஊரில் அடுத்த கேள்வி ஒன்றுதான். "சதுர அடி என்ன ரேட்டுக்குப் பேசியிருக்கீங்க?" டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண வீட்டில் கேட்கிறார்கள், போன வாரம் ஒரு துக்க வீட்டில்கூட ஒருவர் என் காதோடு காதாகக் கேட்டார். இந்தக் கேள்விதான் நம் குடும்பங்களைக் கடனில் தள்ளுகிறது என்கிறேன். கோபம் வருபவர்கள் முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள். பதிவு கொஞ்சம் நீளம்.

முப்பத்து நான்கு வருடம் கணக்கு நடத்தியவன் நான். சதுர அடி என்றால் பரப்பளவு என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதற்கு நீளம் உண்டு, அகலம் உண்டு, ஆழம் கிடையாது. அஸ்திவாரத்தின் செலவோ முழுக்க முழுக்க ஆழத்தில் இருக்கிறது. ஆழமே இல்லாத ஓர் அளவை வைத்துக்கொண்டு அஸ்திவாரத்துக்கு எப்படி விலை பேசுகிறீர்கள்? பால்காரரிடம் போய் "எத்தனை அடி பால் தருவீங்க?" என்று கேட்பது போலத்தான் இது.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஆயிரம் சதுர அடி வீடு, பன்னிரண்டு தூண் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தூணுக்கும் 5 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழத்தில் குழி. ஒரு குழி 150 கன அடி, பன்னிரண்டும் சேர்த்து 1,800 கன அடி. அதே குழிகளை 4 அடியில் நிறுத்திவிட்டால் 1,200 கன அடி. 600 கன அடி மண் வெட்டும் கூலி மிச்சம். ஒவ்வொரு தூணிலும் இரண்டடி கம்பியும் காங்கிரீட்டும் மிச்சம். குழியை மூடியபின் யார் வந்து பார்த்தாலும் அதே பன்னிரண்டு தூண், அதே ஆயிரம் சதுர அடி. 2,600 ரூபாய் கேட்டவரை விட்டுவிட்டு 2,200 கேட்டவரிடம் கொடுத்தீர்களே, அந்த நான்கு லட்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? சிமென்ட் கடைக்காரர் அவருக்கு மட்டும் சும்மா தரவில்லை. கம்பியும் அதே விலைதான். குறைக்க முடிந்த இடம், கண்ணுக்குத் தெரியாத இடம்.

நான் இருப்பது கோவில்பட்டிப் பக்கம். விளாத்திகுளம், எட்டயபுரம் என்று சுற்றிலும் கரிசல். பங்குனி, சித்திரையில் இந்த மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் தண்ணீரைக் குடித்து ஊதும். பருத்திக்கும் உளுந்துக்கும் இதைப் போல மண் கிடையாது. வீட்டுக்கோ இதைப் போல எதிரி கிடையாது. வருடா வருடம் சுருங்கி, வருடா வருடம் ஊதும் மண்ணின் மேல் நாலடிக் குழியில் தூணை நிறுத்தினால், வீடும் அதோடு சேர்ந்து மூச்சு விடும். சரளை மண்ணில் அதே நாலடி தாராளமாகப் போதும் என்று பொறியாளர் சொல்லலாம், அங்கே ஆறடி தோண்டுவதுதான் வீண் செலவு. ஒரே தாலுகாவில் இப்படி இரண்டு மண் இருக்க, இரண்டுக்கும் ஒரே ரேட் பேசுகிறோம் நாம்.

என்னிடம் படித்த பையன் ஒருவன், இன்று அரசுப் பேருந்தில் ஓட்டுநர். எனக்கு இன்னும் பையன்தான். மனைவியின் நகையை விற்று, வங்கியில் கடன் வாங்கி, கரிசல் மனையில் வீடு கட்டினான். இரண்டாவது மழைக்காலத்தில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல். பின்கதவு சாத்தவில்லை. ஹாலில் டைல்ஸ் நடுவில் எழும்பி நிற்கிறது. ஏன் தெரியுமா? குழி வெட்டிய கரிசலையே பேஸ்மென்டுக்குள் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மூன்றடி பேஸ்மென்ட் என்றால், சுவர்களின் கனம் போக ஏறக்குறைய 25 யூனிட் மண் வேண்டும். ஒரு யூனிட் 100 கன அடி. அவ்வளவு சரளையை லாரியில் கொண்டுவரப் பணம் வேண்டும். கரிசலோ பக்கத்திலேயே இலவசமாகக் குவிந்து கிடக்கிறது.

ஒப்பந்தக்காரரிடம் நியாயம் கேட்க நானும் கூடப் போனேன். அவர் சண்டை போடவில்லை. ஒப்பந்தத் தாளை எடுத்து நீட்டினார். வாஷ்பேசின் எந்த கம்பெனி, சுவிட்சு எந்த கம்பெனி, பெயின்ட் எத்தனை கோட், எல்லாம் இருந்தது. குழி எத்தனை அடி என்று ஒரு வரி இல்லை. எந்த மண்ணால் நிரப்புவது என்று ஒரு வார்த்தை இல்லை. "நீங்க கேக்கலையே சார்" என்றார். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவரைத் திருடன் என்று எப்படிச் சொல்வது? ஆறடி தோண்டி, சரளை நிரப்பித் தருகிறேன் என்று நேர்மையாக விலை சொன்ன இன்னொரு மேஸ்திரி, ரேட் அதிகம் என்று நம்மால் திருப்பி அனுப்பப்பட்டவர். நல்ல வேலைக்காரர்களை விரட்டிவிட்டு, ஊரில் நல்ல வேலைக்காரர்களே இல்லை என்று புலம்புகிறோம்.

"அப்ரூவல் வாங்கித்தானே சார் கட்டினோம்" என்பார்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில், தரைத்தளமும் முதல் தளமுமாக 3,500 சதுர அடிவரை கட்ட, சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, நல்ல விஷயம். ஆனால் சுயசான்று என்றாலே பொறுப்பு உங்கள் தலையில் என்றுதான் பொருள். உங்கள் குழிக்குள் எட்டிப்பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் மண். வரைபடம் போடுவதற்கு முன்பே மனையில் ஆறடிக்கு ஒரு குழி வெட்டிப் பாருங்கள். கரிசல் எத்தனை அடியில் முடிகிறது, கீழே சரளையா, சுக்கானா, பாறையா என்று தெரியும். பக்கத்து மனையில் கட்டியவரிடம் கேளுங்கள். பிறகு முறையான மண் பரிசோதனை. பல பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறையிலும் தனியார் ஆய்வகங்களிலும் செய்து தருகிறார்கள். அதில் ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. சலித்த மண்ணில் பத்து கிராமைத் தண்ணீரிலும், பத்து கிராமை மண்ணெண்ணெயிலும் போட்டு 24 மணி நேரம் வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் ஊதாது, தண்ணீரில் ஊதும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் மண்ணின் குணத்தைச் சொல்லிவிடும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டலாம், அவ்வளவு எளிது. பரிசோதனைக்கு ஆகும் மொத்தப் பணம் ஒரு தேக்குத் தலைவாசல் கதவின் விலைக்குக்கூட வராது. கதவுக்குக் கொடுக்கிறோம், மண்ணுக்குக் கொடுக்க மனம் வருவதில்லை.

கரிசல் ஆழமாகப் போகிறது என்றால், அடியில் குமிழ் போல விரிந்த பைல் அஸ்திவாரம் இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதற்கென்று உருவாக்கித் தந்த முறை. மேலே ஊதிச் சுருங்கும் மண்ணைத் தாண்டி, ஈரம் மாறாத ஆழத்தில் போய் நிற்கும். மேலே வரும் பீம் மண்ணில் உட்காராமல் கீழே சிறிது இடைவெளி விடவேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. எது உங்கள் மனைக்குப் பொருந்தும் என்பதைப் பொறியாளர் சொல்லட்டும். பேஸ்மென்டுக்குள் கரிசல் வேண்டாம், அவ்வளவுதான். சரளையைக்கூட மொத்தமாகக் கொட்டாமல் அரையடி அரையடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு இடித்து ஏற்ற வேண்டும். கரையான் மருந்தும் அப்போதே.

வாஸ்து பார்ப்பவர்களை நான் கேலி செய்யவில்லை. ஈசானிய மூலையில் சம்ப் வேண்டும் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், அஸ்திவாரத்தை ஒட்டிக் கட்டாதீர்கள். சம்ப் கசிந்தால் அந்த ஒரு மூலை மட்டும் வருடம் முழுக்க ஈரமாக இருக்கும். அங்கே மட்டும் மண் ஊதும். விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

அடுத்தது பணம். பொதுப்பணித் துறையில் எம்-புக் என்று ஒன்று உண்டு. மண் வெட்டியது இத்தனை, காங்கிரீட் இத்தனை, செங்கல் கட்டு இத்தனை என்று அளந்து எழுதி, எழுதியதற்குத்தான் பணம். மூடிவிட்டால் தெரியாத வேலையை மூடுவதற்கு முன்பே அளந்துவிட வேண்டும். அரசாங்கம் ஓர் அங்கன்வாடி கட்டினாலும் இதுதான் முறை. நாற்பது வருடச் சம்பாத்தியத்தைக் கொட்டும் நாம் மட்டும் "மொத்தமா பேசிட்டோம் சார், டென்ஷன் இல்ல" என்கிறோம். உங்கள் ஒப்பந்தத்தையும் வேலை வாரியாகப் போடுங்கள். மேல்கட்டுக்குச் சதுர அடி ரேட்தான் வசதி என்றால் அப்படியே இருக்கட்டும். தரைக்குக் கீழே உள்ளதை மட்டுமாவது தனியே, கன அடியில் பேசுங்கள். போர்டிகோவுக்கு முழு ரேட்டா பாதி ரேட்டா, மாடிப்படி அறை கணக்கில் வருமா, சம்ப்பும் செப்டிக் டேங்கும் உள்ளேயா வெளியேயா, எல்லாம் தாளில் இருக்கட்டும்.

கம்பியை எண்ணி வாங்காதீர்கள், எடை போட்டு வாங்குங்கள். விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, வர்க்கப்படுத்தி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளம் என்றால் சுமார் 10.67 கிலோ.

முடிந்த வேலைக்கு மேல் முன்பணம் தராதீர்கள். வங்கிகூட வேலையைப் பார்த்துப் பார்த்துத்தான் கடனைத் தவணையாக விடுகிறது. கடைசியில் நூற்றுக்கு ஐந்தாவது பிடித்து வைத்து, ஓர் ஐப்பசி கார்த்திகை போனபின் கொடுப்பதாக எழுதிக்கொள்ளுங்கள். நல்ல ஒப்பந்தக்காரர் இதற்குச் சம்மதிப்பார்.

"நாங்க துபாயில இருக்கோம் சார், யார் நின்னு பாக்குறது?" என்று ஒரு மாணவி கேட்டாள். அம்மா, உனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரை நான்கு நாளைக்கு மட்டும் சம்பளம் பேசி அமர்த்து. குழி வெட்டி முடித்த நாள், அடிக்கம்பி கட்டிய நாள், பிளிந்த் பீம் நாள், பேஸ்மென்ட் நிரப்பும் நாள். ஒவ்வொரு குழியிலும் டேப்பை இறக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல். டேப்பின் எண் படத்தில் தெரிய வேண்டும். எலிவேஷனில் ஒட்டும் அலங்காரக் கல்லில் பாதியைக் குறைத்தால் அவர் சம்பளம் வந்துவிடும். அந்தக் கல்லை அடுத்த வருடமும் ஒட்டலாம்.

வீடு கட்டப்போகிறவர்கள் ஒப்பந்தத் தாளைப் படமெடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள். படித்து, எது விட்டுப்போயிருக்கிறது என்று சொல்கிறேன். கட்டணம் கிடையாது, ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை. "சார், இந்த ஸ்கொயர் ஃபீட் ரேட் கரெக்டா?" என்று மட்டும் கேட்டு வருபவர்களுக்குப் பதில் வராது.