நிற்பதற்கு முன்பே கம்ப்ரசர் சொல்வது என்ன?

ஏர்ஜெட் தறிகள் ஓடும் கூடத்தில் காற்றழுத்தம் குறைந்தால் ஊடை பாயாது. தறிகள் வரிசையாக நின்றுவிடும். அந்த நேரத்தில் முதலாளி போன் செய்வது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்திருக்கும் சர்வீஸ்காரருக்கு. கோவையிலோ திருப்பூரிலோ நாலைந்து மெக்கானிக்குகளை வைத்துக்கொண்டு, பல்லடம், சோமனூர், அவிநாசி என்று சிதறிக் கிடக்கும் மெஷின்களுக்குப் பொறுப்பேற்றிருப்பவர் அவர். போனில் அவருக்குக் கிடைக்கும் தகவல் பெரும்பாலும், "மெஷின் நின்னுருச்சு" என்பதுதான். சூடு ஏறி நின்றதா, மோட்டார் ஓவர்லோடா, கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டதா என்பது நேரில் போய்ப் பேனலைப் பார்த்தால்தான் தெரியும். மாற்ற வேண்டிய பொருள் கையில் இல்லையென்றால் இன்னொரு நடை.

தொலைக் கண்காணிப்பு இந்த நடையைக் குறைக்கத்தான். பெரிய ஆலைகளில் ஸ்காடா என்ற பெயரில் இது வெகுகாலமாக இருக்கிறது. இப்போது சில ஆயிரம் ரூபாய்ப் பெட்டி ஒன்றே மெஷினின் அளவுகளைப் படித்து மொபைல் நெட்வொர்க் வழியே அனுப்பிவிடுகிறது. ஆனால் ஸ்காடாவின் மலிவுப் பதிப்பு என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்கள். ஆலைக்காரருக்கு முழுக் கூடமும் ஒரே திரையில் தெரிய வேண்டும். சர்வீஸ்காரர் கேட்பது வேறு: இன்று எந்த மெஷினுக்குப் போக வேண்டும், என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தராத அளவு எதுவானாலும், அதற்குச் செலவழிப்பது வீண்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். ஆயில் ஊட்டப்படும் ஸ்க்ரூ கம்ப்ரசர்கள் பெரும்பாலும், வெளியேறும் காற்றின் வெப்பம் 105 முதல் 110 டிகிரி செல்சியஸ் அளவை எட்டினால் தாமாகவே நின்றுவிடும். நெசவுக்கூடத்தில் பறக்கும் பஞ்சு கூலரின் மேல் படிந்து அடைப்பதுதான் அந்தச் சூட்டுக்கு வழக்கமான காரணம். அந்த வெப்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. கம்ப்ரசர் இழுக்கும் காற்று 30 டிகிரி, வெளியேறுவது 80 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், இடைவெளி 50. சித்திரை மதியத்தில் உள்ளே போகும் காற்று 40 ஆனால் வெளியே 90 வரும். அது நோய் அல்ல, வெயில். கூலர் அடைத்து இடைவெளி 65 ஆகிவிட்டால் காலை நேரத்தில் 95 காட்டும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். மதியம் அதுவே 105 ஆகி மெஷின் நிற்கும். "காலையில நல்லா ஓடுது, மதியம் நிக்குது" என்று வாடிக்கையாளர் சொல்வதன் உள்விவரம் இதுதான்.

ஆகவே கவனிக்க வேண்டியது இடைவெளியை. அதுவும் மெஷின் லோடில் ஓடும் நேரத்து இடைவெளியை மட்டும். வாரக்கணக்கில் மெல்ல ஏறினால் கூலர் அடைப்பு, அல்லது ஆயில் குறைவு. சில நிமிடங்களில் தாவி ஏறினால் கூலர் ஃபேன் மோட்டாரையோ தெர்மல் வால்வையோ முதலில் சந்தேகிக்கலாம். முன்னதற்கு அடுத்த வாரத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு, சுத்தம் செய்யும் சாமான்களோடும் ஆயிலோடும் போனால் போதும். பின்னதற்கு மோட்டாரோடும் வால்வோடும் இப்போதே கிளம்ப வேண்டும். இடைவெளி மாறாமல், உள்ளே போகும் காற்றே வெளிவெயிலைவிட மிகச் சூடாக இருந்தால் கோளாறு மெஷினில் இல்லை. கூலர் தள்ளிய வெப்பக்காற்று அறைக்குள்ளேயே சுற்றுகிறது, டக்ட்டைப் பார்க்க வேண்டும். இரண்டே வெப்பமானிகள் இத்தனையும் சொல்கின்றன. அதிர்வு சென்சார் நல்ல கருவிதான். ஆனால் அதன் பதிவைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அது பிறகு.

இந்த அளவுகளில் பல ஏற்கெனவே மெஷினுக்குள் இருக்கின்றன. இன்றைய கம்ப்ரசர்களின் கண்ட்ரோலர் வெப்பம், அழுத்தம், ஓடிய மணி எல்லாவற்றையும் வைத்திருக்கிறது. பலவற்றில் பின்பக்கம் ஆர்எஸ்-485 டெர்மினலும் இருக்கும். அதில் முறுக்கிய கம்பி இழுத்து, மோட்பஸ் முறையில் கேட்டால் எண்களைக் கொடுக்கும். மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மோட்பஸ் இன்னும் பேனல்களில் வாழ்வதற்குக் காரணம் அதன் எளிமை. இதில் சிக்கல், எந்த எண் எந்த முகவரியில் இருக்கிறது என்ற பட்டியல். அதைத் தயாரிப்பாளர் தராமல் போனால் பெட்டி வெறும் பெட்டி. வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. கண்ட்ரோலர் இல்லாத பழைய மெஷின் என்றால், மோட்டார் கேபிளைச் சுற்றி ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு வெப்பமானிகள், ஓர் அழுத்த டிரான்ஸ்மிட்டர் போதும். கரண்டை வைத்தே லோடில் ஓடுகிறதா, அன்லோடில் ஓடுகிறதா என்று பிரித்துவிடலாம்.

அந்த அழுத்த டிரான்ஸ்மிட்டர் பெரும்பாலும் 4 முதல் 20 மில்லிஆம்ப் வரை கரண்ட் அனுப்பும். பூஜ்ய அழுத்தத்துக்குப் பூஜ்யம் அனுப்பாமல் 4 அனுப்புவதில் பெரிய யோசனை இருக்கிறது. 4 வந்தால் அழுத்தம் இல்லை; எதுவுமே வரவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. அழுத்தம் இல்லாததும் செய்தி இல்லாததும் ஒன்றாகிவிடக் கூடாது. முழு ஏற்பாட்டுக்கும் இதே விதி பொருந்தும். பெட்டியிலிருந்து தகவல் நின்றுபோனால் திரை கடைசி எண்ணையே காட்டிக்கொண்டிருக்கக் கூடாது, அந்த மௌனமே அலாரமாக வேண்டும். ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உருவாக்கிய எம்க்யூடிடி முறையில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு: இணைப்பு அறுந்தால், முன்பே எழுதிவைத்த செய்தியைச் சர்வர் தானே மற்றவர்களுக்கு அறிவித்துவிடும். பெட்டிக்குள் ஒரு சிறு பேட்டரியும் வேண்டும். கரண்ட் போனதைச் சொல்லிவிட்டு அணைந்தால்தான், மெஷின் கோளாறா மின்வெட்டா என்று பிரித்தறிய முடியும்.

இணைப்புக்குத் தொழிற்சாலையின் வைஃபையை நம்ப வேண்டாம். பாஸ்வேர்டை மாற்றியவர் நமக்குச் சொல்ல மாட்டார். தனி சிம் போடலாம். நிமிடத்துக்கு ஒரு முறை 200 பைட் அனுப்பினால் மாதம் 43,200 செய்திகள், 9 எம்பி-க்கும் குறைவு.

ஒரு விஷயத்தில் நான் உறுதியாக இருக்கிறேன்: ஆரம்பத்தில் படிக்க மட்டும் செய்யுங்கள், இயக்க வேண்டாம். ட்ரிப் ஆன மெஷினைப் போனிலேயே ரீசெட் செய்து ஓட்டலாம் என்று விற்பவர் சொல்வார். அந்த நேரத்தில் யாராவது பெல்ட் கவரைக் கழற்றிக் கை வைத்திருக்கக்கூடும். திரையில் அந்தக் கை தெரியாது. மோட்பஸில் பாஸ்வேர்டு என்பதே கிடையாது. கம்பியில் நுழைந்தவர் எவரும் எழுதலாம். பெட்டி எழுதும் கட்டளைகளை அறவே அனுப்பாதபடி அமைக்கச் சொல்லுங்கள்.

அலாரங்களில் தொடக்கத்துக்கு மூன்று போதும்: நின்றது, மௌனமானது, இடைவெளி ஏறுகிறது. முதல் இரண்டும் அன்று பணியில் இருக்கும் மெக்கானிக்குக்கு உடனே போகட்டும். மூன்றாவது வேலை பிரிப்பவருக்குக் காலையில் ஒரு முறை போனால் போதும். எல்லாருக்கும் எல்லாம் போனால் ஒரே வாரத்தில் எல்லாரும் ஒலியை அணைத்துவிடுவார்கள்.

வாடிக்கையாளரின் தயக்கத்தையும் மதிக்க வேண்டும். மெஷின் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது எவ்வளவு ஆர்டர் ஓடுகிறது என்பதையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஜாப் ஒர்க் செய்பவருக்கு அது தொழில் ரகசியம். என்னென்ன அளவு எடுக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், ஒப்பந்தம் முடிந்தால் பதிவுகள் யாரிடம் போகும் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி, அவருக்கும் அதே திரையைத் திறந்துவிட வேண்டும். அன்லோடில் ஓடும்போதும் ஸ்க்ரூ கம்ப்ரசர் முழு லோடில் இழுப்பதில் கால் பங்குக்கு மேல் மின்சாரம் இழுக்கும். இரவெல்லாம் அப்படிச் சும்மா ஓடியதைத் திரையில் பார்க்கும் முதலாளிக்கு இந்தப் பெட்டி தனக்கும்தான் என்று புரிந்துவிடும்.

முதல் பெட்டியை, வெகுதூரத்தில் இருந்து அடிக்கடி அழைக்கும் வாடிக்கையாளரிடம் மாட்டுங்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் மெக்கானிக் அங்கே கண்டதை, "கூலர்ல பஞ்சு, ஊதினோம்" என்று ஒரு வரியாவது அன்றைய அளவுகளுக்குப் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். இடைவெளி 65-ஐ நெருங்கும் அடுத்த மெஷினுக்கு யாரை, எதைக் கொடுத்து அனுப்புவது என்பதை அந்த வரிகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.